ஊசியும் ஓதலும்

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. நாம் ஓதிக்கொடுத்த வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அலிஃப், பே தொடங்கி அம்ம ஜுஸ்உ வரை பிழையின்றி ஓதியவன். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையை உயர்த்திவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை முதல் கை உயர்த்துவதை நிறுத்திவிட்டான். வலக்கையை விலாவோடு இறுக்கி அணைத்தபடி தலை குனிந்து அமர்ந்திருப்பான். பாடத்தில் நாட்டம் குறைந்துவிட்டது என்று நாம் எண்ணினோம். வகுப்பார் முன்னிலையில் கடிந்தும் கொண்டோம். மூன்றாம் நாள் கரும்பலகையில் எழுத அழைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சட்டையின் அக்குளில் தையல் பிரிந்து ஒரு சாண் அளவுக்குக் கிழிந்திருந்தது. தாய் நோயுற்றுப் படுக்கையில் இருந்தாள். வீட்டில் தைக்கத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை.

பத்து நிமிடத்தில் தைத்து முடித்திருக்கக்கூடிய ஒரு கிழிசல், ஒரு பிள்ளையின் வாயை மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது. அதைவிட நம்மை உறுத்தியது வேறொன்று. மதரஸாவில் தங்கிப் படித்த காலத்தில் நாமே ஊசி பிடிக்கக் கற்றவர்கள். வியாழக்கிழமை பிற்பகலில் துணி துவைத்து உலர்த்திய பின், பொத்தான் அறுந்த சட்டையோடும் ஓரம் பிரிந்த கைலியோடும் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்வோம். ஜும்ஆவுக்குக் கிழிந்த உடையோடு வருபவரை உஸ்தாத் அவர்கள் ஏசமாட்டார்கள். ஊசியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அவ்வளவும் கற்ற நமக்கு, நம் மாணவருக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் எழவில்லை. தையல் பெண்பிள்ளைகளின் வேலை என்னும் கருத்து எப்படியோ நம் உள்ளத்திலும் குடிபுகுந்திருந்தது. அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, அதற்கு நம் மார்க்க வரலாற்றில் இடம் உண்டா என்று ஆராயத் தூண்டியது அந்தச் சிறுவனின் சட்டைதான்.

ஒரு சொல்லின் பயணம்

அரபு மொழியில் ‘கஸஃப’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து இணைத்தல், ஒட்டுப்போட்டுத் தைத்தல் என்பது அதன் பொருள். திருக்குர்ஆனில் இச்சொல் ஆதம் (அலை), அன்னை ஹவ்வா ஆகிய இருவரின் வரலாற்றில் வருகிறது. தடுக்கப்பட்ட மரத்தின் கனியைச் சுவைத்ததும் தம் உடல் வெளிப்பட்டதை உணர்ந்த அவ்விருவரும், சுவனத்து இலைகளை ஒன்றோடொன்று இணைத்துத் தம்மை மறைத்துக்கொள்ளத் தொடங்கினர் என்று திருமறை கூறுகிறது (7:22, 20:121). ஆங்கே அவர்கள் செய்ததைக் குறிக்கும் சொல் இந்தக் ‘கஸஃப’ என்பதன் வடிவமே. நாணம் தோன்றிய அக்கணத்திலேயே மனிதன் கை கற்றுக்கொண்ட முதல் வேலை இணைத்து மூடுதல். வினைச்சொல் இருமையில் உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். இலைகளை இணைத்தவர் ஹவ்வா மட்டுமல்லர், இருவருமே.

இதே சொல்லை மதீனாவில் மீண்டும் கேட்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. தம் காலணியைத் தாமே தைப்பார்கள், ஆடைக்கு ஒட்டுப்போடுவார்கள், உங்களில் ஒருவர் தம் வீட்டில் செய்வதைப் போன்றே செய்வார்கள் என்னும் கருத்தில் அன்னையார் விடையளித்தார்கள். இமாம் அஹ்மத் அவர்களின் முஸ்னதிலும் இமாம் புகாரி அவர்களின் அல்அதபுல் முஃப்ரதிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. காலணி தைப்பதைக் குறிக்க அங்கும் அதே ‘கஸஃப’தான் ஆளப்பட்டிருக்கிறது.

மூன்றாவதாக அச்சொல் ஓர் அறிஞரின் பெயராகவே ஆகிவிட்டது. ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி சட்ட மேதை அபூபக்ர் அல்கஸ்ஸாஃப் அவர்களை அறியாத மதரஸா இல்லை. வக்ஃபுச் சட்டத்துக்கு அவர்கள் எழுதிய நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கலீஃபா அல்முஹ்ததீக்காக வரி பற்றிய நூல் ஒன்றையும் எழுதியவர்கள். ‘கஸ்ஸாஃப்’ என்றால் காலணி தைப்பவர். அவையில் செல்வாக்கு இருந்தும் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆதம் (அலை) அவர்களின் இலையும், நாயகம் (ஸல்) அவர்களின் காலணியும், ஒரு சட்ட மேதையின் பிழைப்பும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன.

இவர் ஒருவர் மட்டுமல்லர். பக்தாதின் சூஃபி அபூஸயீத் அல்கர்ராஸ் தோல் தைக்கும் தொழிலால் பெயர் பெற்றவர். ‘அல்கய்யாத்’ என்னும் தையற்காரப் பெயர் தாங்கிய ஹதீஸ் அறிவிப்பாளர்கள் பலர். முதன்முதல் ஊசி பிடித்துத் தைத்தவர் இத்ரீஸ் (அலை) அவர்களே என்பது விரிவுரையாளர்கள் எடுத்துச் சொல்லும் பழஞ்செய்தி. தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சொல்ல நாணாத ஒரு சமுதாயம் அது.

அன்னையரின் கைகள்

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருவாயை ஏழைகளுக்கு ஈந்தவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம், உங்களுள் கை நீளமானவரே எனக்குப்பின் முதலில் என்னை வந்தடைவார் என்று முன்னறிவித்திருந்தார்கள். துணைவியர் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோதுதான் நீளம் என்றது முழக்கணக்கை அன்று, உழைத்து ஈந்த கையின் கொடையை என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைக் காண வந்த ஒருவர், அவர்கள் தம் பழைய ஆடையைத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெளியே சொன்னால் மக்கள் இதைக் கஞ்சத்தனம் என்பார்களே என்றார். பழையதை அணியாதவருக்குப் புதியதும் இல்லை என்னும் கருத்தில் அன்னையார் மறுமொழி கூறினார்கள். இதுவும் அல்அதபுல் முஃப்ரதில் உள்ளது. மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்த உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகளைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இடம்பெற்றுள்ளது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் நாட்டுப் பழமொழி. தைத்தும் கட்டு என்பது இவர்கள் வாழ்ந்து காட்டிய பாடம்.

சீரான தையல்

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், போர்க்கவசம் செய்யும்போது வளையங்களைச் சீராக அளவிட்டு இணைக்குமாறு பணிக்கப்பட்டதையும் ஸபா அத்தியாயம் கூறுகிறது (34:10-11). இணைப்பைக் குறிக்க அங்கு ‘ஸர்து’ என்ற சொல் வருகிறது. திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ, கனத்த பொருளைத் தைப்பதே அதன் மூலப்பொருள் என்றும், கவசம் பின்னுவதும் தோல் தைப்பதும் அதில் அடங்கும் என்றும் விளக்குகிறார். ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருந்தால் கவசம் காக்காது. ஒரு தையல் நீண்டும் அடுத்தது குறுகியும் இருந்தால் துணி தாங்காது. பிள்ளைக்கு ஊசிப் பயிற்சியில் சொல்லும் முதல் விதியும் இதுவே.

இதைக் கல்வி நெறியாக வகுத்துத் தந்தவர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த இப்பேரறிஞர், 1377இல் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். நெசவும் தையலும் அதில் ஓர் இயல். கைத்தொழில் என்பது கேட்டு அறிவதால் வருவதன்று. கண்ணால் கண்டு, கையால் செய்து, திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றும் திறன் என்பது அவர் கருத்து. அத்திறனை ‘மலகா’ என்கிறார். ஒன்றில் மலகா பெற்றவனின் அறிவு மற்றவற்றையும் ஏற்கும் வகையில் பண்படுகிறது என்றும் காட்டுகிறார். ஓதல் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. ‘ளாத்’ என்னும் எழுத்தை நூறுமுறை சொல்லாமல் எந்த நாவுக்கும் அது வசப்பட்டதில்லை. நாவுக்கு மக்ரஜ் எப்படியோ, விரலுக்குத் தையல் அப்படி.

மாணவரிடம் கடுமை காட்டுவது தீங்கு பயக்கும் என்றும் அவர் தனி இயல் எழுதியுள்ளார். கடுமைக்கு ஆளான பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் மறைப்புக்கும் பழகிவிடும் என்கிறார். விலாவோடு ஒட்டியிருந்த அந்தச் சிறுவனின் கையை எண்ணிப் பார்க்கும்போது, அந்த இயலை நாம் பாடமாகப் படித்திருந்தோமே தவிர மலகாவாக ஆக்கிக்கொள்ளவில்லை என்பது புலனாகிறது.

இப்னு கல்தூன் கெய்ரோவில் காழியாக அமர்ந்திருந்த மம்லூக்கியர் காலத்தில், அந்நாட்டில் ஊசி வேலை உயர்ந்த நிலையில் இருந்தது. எகிப்தின் வறண்ட மண் காத்துத் தந்த பயிற்சித் துணிகள் இன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரின் அஷ்மோலியன் காட்சியகத்தில் உள்ளன. லினன் துணியில் பட்டு நூலால் ஒரு கட்டத்தில் ஒரு கோலம், அடுத்த கட்டத்தில் மற்றொன்று என்று செய்து பார்த்த துணிகள் அவை. சில கோலங்கள் பாதியிலேயே நிற்கின்றன. தைத்தவர் பெயர் அவற்றில் இல்லை. கற்றுக்கொண்டிருந்த கையின் தடம் மட்டும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆண்டு பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய பயிற்சித் துணி, ஜேன் பாஸ்டாக் என்னும் பெண்மணி 1598இல் தைத்தது. மம்லூக்கியர் ஆட்சியோ 1517இலேயே முடிந்துவிட்டது.

நம் நாட்டிலும் இம்மரபு அறுபடவில்லை. 1707இல் மறைந்த ஔரங்கசீப் தம் கையால் தொப்பி தைத்தார் என்பதும், அதில் கிடைத்த நான்கு ரூபாய் இரண்டணாவைத் தம் கஃபனுக்குச் செலவிடச் சொன்னார் என்பதும் அவருடையதாகச் சொல்லப்படும் இறுதி விருப்பத்தில் காணப்படுகின்றன. தமிழ்த் தையற்காரர் வாயில் வழங்கும் அங்குஸ்தான் என்னும் விரலுறைப் பெயர் பாரசீகம், பொத்தான் போர்த்துக்கீசியம். ஊசிப்பெட்டிக்குள்ளேயே உலக வாணிகம் இருக்கிறது.

ஊசி பெண்பாலான கதை

அப்படியானால் ஊசியை மகளிர்க்கு மட்டும் உரியதாக்கியது எது? வீட்டு வழக்கம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதைப் பாடத்திட்டமாகவே எழுதி நிலைநாட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டுக் கல்வி விதிகள், அரசு நிதியுதவி பெறும் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையலைக் கட்டாயமாக்கின. அவர்கள் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆண்பிள்ளைகள் கூடுதலாகக் கணக்குப் படித்தனர். இழப்பு இரு பாலார்க்கும் நேர்ந்தது. பெண் கணக்கை இழந்தாள். ஆண் ஊசியை இழந்தான். அதே முறை கப்பலேறி நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை இருப்பார். ஆண்கள் பள்ளியில் அந்தப் பாடமே இராது.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து நகைத்தவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வங்காளத்தின் பேகம் ருகையா 1905இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ நம் சென்னையிலிருந்து வெளிவந்த மாதர் இதழ் ஒன்றில்தான் முதலில் அச்சேறியது. அந்தக் கனவு நாட்டில் ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள். ஊசி வேலையை ஆடவரிடம் ஒப்படைக்கலாகாதா என்ற பேச்சு வரும்போது, ஊசிக்காதில் நூல் கோக்கும் பொறுமைகூட அவர்களுக்கு இல்லையே என்று அந்நாட்டுப் பெண் ஒருத்தி சிரிக்கிறாள். கதையில் இப்படி நகையாடிய ருகையா, 1911இல் எட்டு மாணவியரோடு கல்கத்தாவில் தொடங்கிய பள்ளியில் தையலை விலக்கிவிடவில்லை. திருக்குர்ஆன் ஓதல், மொழிகள், முதலுதவி, உடற்பயிற்சி ஆகியவற்றோடு அதையும் சேர்த்தே கற்பித்தார். அவர் எதிர்த்தது ஊசியை அன்று, ஊசியோடு நிறுத்திவிடுவதை.

வார்தாவும் சென்னையும்

இரு பாலார்க்கும் கைத்தொழில் என்னும் நெறி 1937இல் மீண்டும் எழுந்தது. வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு அமைத்த குழுவின் தலைவர், ஜாமியா மில்லியாவின் டாக்டர் ஜாகிர் ஹுசைன். பின்னாளில் 1967 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராக இருந்த அதே பெருமகனார். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி தரவேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. நூல் நூற்பதன் வழியாகவே கணக்கும் வரலாறும் நிலவியலும் கற்பிக்கப்பட வேண்டும். கைவேலை அறிவுக்கு வாயிலாக வேண்டுமே தவிர, பிள்ளையைக் கூலியாளாக்கிவிடக் கூடாது என்பதே அதன் உயிர்.

இந்த உயிர் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்கள் கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தெழுந்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரியே. கைத்தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வியாக இருந்தால் அது மலகா. பிறப்பைப் பார்த்து இவனுக்கு இது என்று ஒதுக்கினால் அது விலங்கு. பெண் என்பதற்காக ஒருத்தியிடம் மட்டும் ஊசியைத் திணிப்பதும் அவ்வகையதே.

பிறகு வந்த காலம் நாம் அறிந்ததே. ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற தையல் எந்திரம் வீடுதோறும் நுழைந்தது. அடுத்து ஆயத்த ஆடை வந்தது. கிழிந்தால் எறி, அறுந்தால் வாங்கு என்பது வழக்கமாயிற்று. எறிய இயலாத வீட்டுப் பிள்ளைதான் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அமர்கிறது.

கற்பிக்கும் முறை

பின்னர் நாம் நம் வகுப்பில் கண்ட வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஐந்து, ஆறு வயதில் ஊசி வேண்டாம். கெட்டி அட்டையில் துளையிட்டுக் கொடுத்து, முனை இறுகிய காலணிக் கயிற்றை மேலும் கீழுமாக விட்டு வாங்கச் சொன்னால் போதும். தையலின் ஓட்டம் கைக்குப் பழகிவிடும். ஏழு வயதில் முனை மழுங்கிய பெரிய ஊசியும் தடித்த நூலும் கொடுக்கலாம். துணி கட்டம் போட்டதாக இருக்கட்டும். ஒரு கட்டத்துக்கு மேலே, அடுத்த கட்டத்துக்குக் கீழே என்று போனால் ஸர்து தானே சீராகும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீண்டால் சிக்கும், சிக்கினால் பிள்ளை சலிக்கும். நூலின் நுனியைச் சாய்வாகக் கத்தரித்தால் ஊசிக்காதில் எளிதாக நுழையும்.

முதலில் ஓட்டுத் தையல், அது நன்கு வந்தபின் ஓரம் மடித்துத் தைத்தல், அடுத்துப் பொத்தான், கடைசியில் ஒட்டுப்போடுதல். அளவுக்கு மேல் கற்பிக்க வேண்டியதில்லை. வகுப்பு தொடங்குமுன் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும். ஓர் ஊசி குறைந்தாலும் பாயை உதறித் தேடாமல் எவரும் எழக்கூடாது. கோணலாகத் தைத்ததை உடனே பிரிக்கச் சொல்லுதல் ஆகாது. உறுதியாக நூற்றதைத் தானே பிரித்தெறியும் பெண்ணைப் போல் ஆகாதீர்கள் என்று திருமறை எச்சரிக்கிறது (16:92). அது உடன்படிக்கையை முறிப்போர்க்குச் சொன்ன உவமை. ஆயினும் செய்த உழைப்பு கண்முன்னே பிரிக்கப்படும் வேதனையை அது எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறது! அடுத்த வரிசையை முதல் வரிசையின் கீழேயே தைக்கச் சொன்னால், எது செம்மை என்பதைப் பிள்ளையின் கண்ணே சொல்லிவிடும்.

ஹஜ்ஜில் ஆண் தையலில்லாத இரு துணிகளை உடுத்துகிறான். அதன் உட்பொருளை இப்னு கல்தூன் தையல் பற்றிய அந்த இயலிலேயே தொடுகிறார். தைத்த ஆடை நகர வாழ்வின் ஆடம்பரங்களோடு பிணைந்தது. இறைவனின் இல்லம் நாடி வருபவன் அவற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டு, பிறந்த நாளின் நிலையில் வருகிறான் என்பது அவர் விளக்கம். பிறந்த குழந்தையைச் சுற்றும் துணிக்கும் தையல் இல்லை. இடையிலுள்ள நாள்களெல்லாம் தைத்து வாழவேண்டிய நாள்களே. கிழிவதும் இணைப்பதுமாக நடக்கும் இவ்வாழ்வில், இணைக்கத் தெரிந்த கையோடு பிள்ளைகளை அனுப்புவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமை. ஆண்பிள்ளை என்றோ பெண்பிள்ளை என்றோ அதில் வேறுபாடு இல்லை.

அந்தச் சிறுவனின் சட்டையை நாம் தைத்துக் கொடுக்கவில்லை. அன்று பிற்பகல் அவனை அருகில் அமர்த்தி, முதலில் நாம் கடிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்தோம். பின் ஊசியில் நூல் கோக்கக் காட்டினோம். அவனே தைத்தான். அரைமணி நேரம் ஆயிற்று. தையல் எறும்பு ஊர்ந்தது போல் கோணிக் கோணிப் போயிருந்தது. மறுநாள் காலை முதல் கேள்வியை முடிப்பதற்குள் அவன் கை உயர்ந்தது. அக்குளில் அந்தக் கோணல் தையல் எல்லாருக்கும் தெரிந்தது. அதை மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் நாவுக்கு ஓதலையும் கைகளுக்கு உழைப்பையும் அருள்வானாக!